முதல் வரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது

கேள்வி: நொய்யல் ஆற்றங்கரையில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதையை நாவலாக எழுதிவருகிறேன். 9 அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. படித்துப் பார்த்த நண்பர்கள் இருவர், "முதல் பக்கத்தைத் தாண்டவே முடியலை, அப்புறம் நல்லாத்தான் போகுது" என்கிறார்கள். ஒருவர் கொலையிலோ சாவிலோ தொடங்கச் சொல்கிறார். இன்னொருவர், கல்கி மாதிரி வாசகரைக் கூப்பிட்டுத் தொடங்கு என்கிறார். இதுவரை 14 முதல் வரிகள் எழுதிவிட்டேன், எதிலும் மனம் நிற்கவில்லை. அந்த வரிகளையும் பிரதியையும் இணைத்திருக்கிறேன். வாசகரை உள்ளே இழுக்கும் முதல் வரியை எப்படி எழுதுவது?
— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

"அப்புறம் நல்லாத்தான் போகுது" என்று உங்கள் நண்பர்கள் சொன்னதை நீங்கள் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்ததிலேயே மிகப் பயனுள்ள விமர்சனம் அதுதான். நாவலில் கோளாறு இல்லை, நாவல் தொடங்குகிற இடத்தில்தான் கோளாறு என்பது அதன் பொருள். அதனால் பதினைந்தாவது வரியை யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பக்கங்களுக்குள் தேடுங்கள்.

முதலில் இப்போதிருக்கும் வரியைப் பார்ப்போம்.

"கீழ்வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருக்க, பறவைகளின் கீச்சொலி காற்றில் மிதந்து வர, நொய்யல் கரையில் மூன்று தலைமுறையாக விவசாயம் செய்துவரும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த அறுபத்திரண்டு வயது பழனிச்சாமி அந்த அதிகாலைப் பொழுதில் கண்விழித்தார்."

இதில் 24 சொற்கள். யாரைப் பற்றிய வாக்கியம் என்பது 20-வது சொல்லில்தான் தெரிகிறது. அவர் என்ன செய்தார் என்பது கடைசிச் சொல்லில். அவ்வளவு தூரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்த வாசகருக்குக் கிடைப்பது, ஒருவர் தூங்கி எழுந்தார் என்ற செய்தி. உலகத்தில் எல்லோரும் தினமும் தூங்கி எழுகிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயரை விளக்கும் எச்சங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து அடுக்கிக்கொள்கின்றன. 'செய்துவரும்', 'பிறந்து வளர்ந்த' என்று அடுக்கும்போது அவை யாரைச் சேர்ந்தவை என்று தெரியாமலே வாசகர் ஒவ்வொன்றையும் கையில் சுமந்துகொண்டு நடக்கிறார். நடுப்பக்கத்தில் என்றால் பரவாயில்லை, அவருக்கு ஆளைத் தெரியும். முதல் வரியில் யாரையும் தெரியாது. ஆகவே முதல் வரியில் பெயருக்கு முன்னால் ஒரு பெயரெச்சத்துக்கு மேல் வேண்டாம். நீளம் 7 முதல் 15 சொற்களுக்குள் இருந்தால் நல்லது. இது சட்டமில்லை. நீளமான வரி சொல்கிறவரின் குரலாகவே இருந்தால் 40 சொற்கூட நிற்கும். ஆனால் விவரத்தைத் திணிப்பதற்காக நீண்ட வரி நிற்காது.

இனி உங்கள் மூன்றாம் பக்கம். பழனிச்சாமி எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து, கட்டுத்தரைக்குப் போன பிறகு இந்த வாக்கியம் வருகிறது:

"தொட்டியில் ஊற்றிய தண்ணீரை மோந்து பார்த்த மாடு அதைக் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டதைக் கண்டு பழனிச்சாமி அதிர்ச்சி அடைந்தார்."

நாவல் இங்கேதான் தொடங்குகிறது. அன்றாடம் நடக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை. தாகமெடுத்த மாடு தண்ணீரை மறுக்கிறது. ஏன் என்ற கேள்வி தானாக எழுகிறது. அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் நாவல் முழுவதும் பரவியிருக்கிறது: கிணறு, ஆறு, மேலே இருக்கும் சாயப்பட்டறைகள், அங்கே வேலைக்குப் போகும் மகன், விற்பதா வேண்டாமா என்ற நிலம். முதல் வரி எழுப்புகிற கேள்வியும் நாவல் கடைசிவரை மல்லுக்கட்டுகிற கேள்வியும் ஒரே வேரிலிருந்து வர வேண்டும். இந்த வரியில் அது இருக்கிறது, கண்விழிக்கும் வரியில் இல்லை.

ஆனாலும் வாக்கியத்தை அப்படியே தூக்கி முன்னால் வைத்துவிட முடியாது. அதன் கடைசிச் சொல்லைப் பாருங்கள்: 'அதிர்ச்சி அடைந்தார்'. தமிழ் வாக்கியத்தின் முழு எடையும் போய் இறங்குகிற இடத்தில் ஒரு தேய்ந்த தொடரை உட்கார வைத்திருக்கிறீர்கள். மாடு செய்ததுதான் வலுவான காரியம், அது நடுவில் 'கொண்டதை' என்ற சொல்லின் வேற்றுமை உருபுக்குள் சிக்கிக் கிடக்கிறது. பழனிச்சாமியையும் அவருடைய அதிர்ச்சியையும் வெட்டிவிடுங்கள்.

"மாடு தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது."

ஆறு சொற்கள். இப்போது அதிர்ச்சி வாசகருடையது. இதிலேயே சின்னச் சின்ன முடிவுகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். 'மாடு தண்ணீர் குடிக்கவில்லை' என்று எழுதியிருந்தால், மாட்டுக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். 'மோந்து பார்த்துவிட்டு' என்பது சந்தேகத்தை மாட்டிடமிருந்து தண்ணீருக்கு மாற்றிவிடுகிறது. 'திருப்பியது' என்றால் வெறும் அசைவு. 'திருப்பிக்கொண்டது' என்பதில் அந்தக் 'கொள்', மாடு தனக்காகத் தானே எடுத்த முடிவு என்று சொல்கிறது. வாயில்லாப் பிராணிக்கு ஒரு தீர்மானம் வந்துவிட்டது.

இன்னும் ஒரு படி போகலாம்.

"மூன்றாவது நாளும் மாடு தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது."

இங்கே வேலை செய்வது 'நாளும்' என்பதிலிருக்கும் உம்மை. கதை நமக்கு முன்பே தொடங்கிவிட்டது, நாம் தாமதமாக வந்திருக்கிறோம் என்று அந்த ஒற்றை இடைச்சொல் உணர்த்திவிடுகிறது. முதல் இரண்டு நாள் அவர் என்ன நினைத்தார், யாரிடம் சொன்னார், வைத்தியம் பார்த்தாரா என்று வாசகர் மனம் பின்னோக்கியும் ஓடுகிறது. 'அன்றும்', 'இந்த முறையும்', 'இவன்கூட', 'அவள்தான்' என்பவற்றில் வரும் உம், கூட, தான் போன்ற இடைச்சொற்களை நாம் பேச்சில் மூச்சுப்போல் பயன்படுத்துகிறோம். எழுதும்போது மறந்துவிடுகிறோம். பின்கதையை இரண்டு பக்கம் சொல்லித் தொடங்குகிறவர்கள் செய்ய நினைக்கும் வேலையை ஓர் உம்மை செய்துவிடும்.

மாட்டுக்கு அடையாளம் வேண்டுமா? உங்கள் பகுதியில் காங்கேயம் மாட்டை நிறத்தால்தான் அழைப்பார்கள்: மயிலை, செவலை, காரி. வெறும் 'மயிலை' என்று எழுதினால் சென்னை வாசகருக்கு மயிலாப்பூர் ஞாபகம் வரும், சிலர் பெண் பெயர் என்று நினைப்பார்கள். முதல் வரியில் அந்தத் தடுமாற்றம் கூடாது. 'மயிலைப் பசு' என்றால் தெளிவாகிவிடும். அடைப்புக்குறி போட்டு விளக்க வேண்டியதில்லை.

எது முதலில் வர வேண்டும் என்பதையும் சொல்லிப் பார்த்தே முடிவெடுங்கள். நம் வாக்கியத்தில் முதல் சொல்லும் கடைசி வினையும் இரண்டு தூண்கள். முதல் சொல்லை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மங்கலச் சொல் பார்த்துத் தொடங்கினார்கள். கம்பராமாயணமும் பெரியபுராணமும் 'உலகம்' என்ற சொல்லில்தான் கால் வைக்கின்றன. உங்கள் வரி 'மூன்றாவது' என்று தொடங்கித் 'திருப்பிக்கொண்டது' என்று முடிகிறது: ஒரு கணக்கு, ஒரு மறுப்பு. 'தண்ணீரை மூன்றாவது நாளும் மோந்து பார்த்துவிட்டு…' என்று மாற்றினால் தண்ணீர் முன்னுக்கு வரும், ஆனால் யார் மோந்து பார்த்தது என்ற குழப்பமும் கூடவே வரும். முதல் வடிவமே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது இரண்டாவது வரி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிறைய நாவல்கள் விழுவது இங்கேதான். முதல் வரி நன்றாக அமைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் எழுத்தாளர் இரண்டாவது வரியில் ஊர் வரலாற்றுக்குப் போய்விடுவார். "ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு அருகே…" என்று ஆரம்பித்தால் மாடு அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது வரி முதல் வரியின் கேள்வியைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

"பழனிச்சாமி குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். கரித்தது."

சின்னக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: தண்ணீர் உப்பு. பெரிய கேள்வி பிறந்துவிட்டது: விவசாயக் கிணற்றுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? சாயம் துணியில் ஏறுவதற்குப் பட்டறைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள், அந்தக் கழிவு ஆற்றில் இறங்கி நிலத்தடியில் ஊறுகிறது என்பதை நீங்கள் 40-ஆம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம். சின்னக் கேள்விகளை உடனுக்குடன் தீர்த்துக்கொண்டே போனால்தான் பெரிய கேள்விக்காக வாசகர் காத்திருப்பார். எல்லாவற்றையும் மூடி வைத்தால் எரிச்சல்தான் வரும்.

'விட்டார்' என்ற விகுதியையும் யோசியுங்கள். விட்டான், விட்டார், விட்டாரு: இந்த ஒரு விகுதியில் கதை சொல்கிறவரின் வயது, மரியாதை, தூரம் மூன்றும் தெரிந்துவிடும். பழனிச்சாமிக்கு 'ஆர்' போட்டால் சொல்பவர் அவரைவிட இளையவர், அல்லது ஊருக்கு வெளியே நின்று மதிப்போடு பார்ப்பவர். அப்படியானால் ஐந்தாம் அத்தியாயத்தில் அவருடைய இளமைக் காலம் வரும்போது 'ஆன்' என்று மாறப்போகிறீர்களா? இப்போது உங்கள் பிரதியில் காரணமில்லாமல் மாறுகிறது. சாவைச் சொல்லும் வினையிலும் இப்படித்தான். செத்தான், இறந்தார், காலமானார், போய்ச் சேர்ந்தார் என்று எதை எடுத்தாலும் சொல்கிறவர் யார் என்று வெளிப்பட்டுவிடும்.

கொங்குப் பேச்சில் தொடங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக: "மூணாவது நாளும் மாடு தண்ணிய மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு." அந்தப் 'போட்டு' வந்தவுடன் வாசகர் எந்த மண்ணில் நிற்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் முதல் வரியில் இந்த நடையை எடுத்தால் கதை சொல்பவர் அந்த ஊர்க்காரர் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். 300 பக்கமும் அவரே சொல்ல வேண்டும். இரண்டாம் பத்தியில் 'சுற்றுச்சூழல் சீர்கேட்டின் விளைவாக' என்று எழுத முடியாது. உங்கள் 9 அத்தியாயங்களும் எழுத்து நடையில் இருக்கின்றன, உரையாடலில் மட்டும் வட்டார வழக்கு வருகிறது. அது உங்களுக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. மாற்ற வேண்டாம். வட்டாரத்தைக் காட்ட உறவுச்சொல் ஒன்று போதும். பேத்தி தாத்தாவை 'அப்பிச்சி' என்று கூப்பிட்டால், அவள் மகள் வயிற்றுப் பேத்தி என்பதும் கொங்கு வீடு என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

கொலையில் தொடங்கச் சொன்ன நண்பரின் யோசனையை ஏற்காதீர்கள். பிணத்தோடு தொடங்கும் நாவல், யார் செய்தது என்ற கதையை வாசகருக்கு வாக்களிக்கிறது. உங்கள் நாவல் அதைத் தரப்போவதில்லை. 50-ஆம் பக்கத்தில் அவர் ஏமாந்து புத்தகத்தை மூடுவார், அந்த ஏமாற்றத்தை மறக்கவும் மாட்டார். பழனிச்சாமியின் தம்பி இறப்பது பதினாறாம் அத்தியாயத்தில் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை முன்னால் இழுத்தால் அங்கே அந்த மரணம் வெறும் தகவலாகிவிடும்.

கல்கியைச் சொன்ன நண்பருக்கு வேறு பதில். 1950-ல் பொன்னியின் செல்வன் வெளிவரத் தொடங்கியபோது, கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி வருமாறு நேயர்களை அழைத்துத்தான் தொடங்கினார், உண்மைதான். ஆனால் அது வாரப் பத்திரிகைத் தொடர். வாசகர் ஏற்கெனவே பத்திரிகையை வாங்கிக் கையில் வைத்திருக்கிறார், ஆசிரியரை வாரா வாரம் சந்திக்கிறவர். தெரிந்தவர் வீட்டுக்கு அழைக்கிற குரல் அது. அழைத்துவிட்டு அவர் அங்கேயே நிற்கவும் இல்லை. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஆடிப்பெருக்கு நாள், வீராணம் ஏரிக்கரை, குதிரையில் ஒரு வாலிபன் என்று நாள், இடம், ஆள் மூன்றையும் கொண்டுவந்துவிடுகிறார். உங்களை இன்னும் யாருக்கும் தெரியாது. புத்தகக் காட்சி அரங்கில் நின்றுகொண்டே பின்னட்டையைப் பார்த்துவிட்டு முதல் பக்கத்தைப் புரட்டுகிறவரிடம் 'வாருங்கள்' என்பதைவிட, மாட்டைக் காட்டுவது பலன் தரும். கல்கியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குதிரைக்காரனைக் கொண்டுவந்த வேகத்தை.

நீங்கள் அனுப்பிய 14 வரிகளைப் பற்றியும் சுருக்கமாக. வானிலை வர்ணனை நான்கு, அவற்றில் எதை எடுத்தாலும் வேறு எந்த நாவலுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வரி உங்களுடையது ஆகாது. கனவு கண்டு திடுக்கிட்டு எழுவது இரண்டு, கனவு என்று தெரிந்ததும் வாசகர் அதுவரை கொடுத்த கவனத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார். 'அன்றோடு தன் வாழ்க்கையே மாறப்போகிறது என்று அவருக்குத் தெரியாது' என்ற வகை மூன்று. கதை தானாக எழுப்ப வேண்டிய ஆவலை எழுத்தாளர் வாயால் கேட்டு வாங்குவது அது. தண்ணீரைப் பற்றிய தத்துவ வரிகள் இரண்டு, அவை சரியாக இருந்தாலும் கேள்வி எதையும் எழுப்பவில்லை. 'ஏனுங்க, தண்ணி எப்படியிருக்குது?' என்ற உரையாடல் தொடக்கம் மோசமில்லை. ஆனால் யார் பேசுகிறார்கள் என்று அடுத்த வரியிலேயே தெரிய வேண்டும், உங்கள் வடிவத்தில் ஆறு வரி கழித்துத் தெரிகிறது. மீதமுள்ள இரண்டும் ஆண்டோடு தொடங்குகின்றன. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்தது, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கதை நடக்கிறது என்பது முக்கியம்தான். அதற்காக ஆண்டு முதல் வரிக்கு வர வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தில் எங்காவது, அணை கட்டி இத்தனை வருஷம் ஆச்சு என்று ஒருவர் பேச்சில் வந்தால் போதும். ஒன்று மட்டும்: முற்றுப்புள்ளிகளை வரிசையாகப் போடுவதையும் ஆச்சரியக்குறியையும் முதல் பக்கத்திலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், நம் புத்தகங்களுக்கே உரியது. அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை என்று நாவலுக்கு முன்னால் 15 பக்கம் போட்டுவிடுகிறோம். அணிந்துரை எழுதுபவர் அன்பு மிகுதியில் கதையையே சொல்லிவிடுவார். 'நீரை இழந்த ஒரு விவசாயியின் கண்ணீர்க் கதை' என்று படித்துவிட்டு வருகிறவருக்கு, மாடு ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வியே எழாது. மின்நூலில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் முதல் சில பக்கங்களும் இந்த உரைகளிலேயே தீர்ந்துவிடும். என்னுரையைப் பின்னுரையாக்கிக் கடைசியில் வையுங்கள். அணிந்துரை கட்டாயம் என்று பதிப்பாளர் சொன்னால் அதையும் பின்னால் போடக் கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இந்த மாட்டு வரியை இப்போதைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தின் மேல் 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டு நாவலை முடியுங்கள். முதல் வரியை உறுதிசெய்வது கடைசி வேலை. முடிவு தெரியாமல் என்ன வாக்குக் கொடுப்பீர்கள்? முடித்தபின் முதல் 10 பக்கங்களைத் தாளில் எடுத்து, வழக்கத்தில் ஏதோ பிசகுகிற வரிகளை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். நாலைந்து தேறும். ஒவ்வொன்றையும் தொடக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வரி நீளம், நாக்கு இடறினால் எச்சங்கள் அதிகம். ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டு, நாவலைப் பற்றி ஒன்றும் தெரியாத இருவரிடம் முதல் பத்தியை மட்டும் கொடுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள், இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கறீங்க?' என்று கேளுங்கள். அவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசினால் வரி வேலை செய்கிறது. மாட்டுக்கு என்ன நோய் என்று கேட்டால் 'மோந்து' என்ற சொல் போதவில்லை என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள்.

பழைய முதல் வரியில் இருந்த மூன்று தலைமுறை விவரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் இரண்டாம் பக்கத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது: தொட்டியின் சிமெண்டு விளிம்பில், ஈரம் காய்வதற்குள் பழனிச்சாமியின் அப்பா குச்சியால் கீறி வைத்த ஆண்டு. பழனிச்சாமி வாயில் விட்ட தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிரும்போது கையை அந்த விளிம்பில்தானே ஊன்றுவார்? அங்கே வையுங்கள்.